ஒன்றும் நடக்காத ஆண்டு

வந்திருந்தோர்:
தணிகைவேல், ஒப்பீட்டு அதிகாரி, மூடுநகர்.
ஜெபக்கனி, பதிவர், முள்ளித்துறை கடல் நிலையம்.
கொண்டல்சாமி, பதிவர், வாலாங்குளம் கரிசல் நிலையம்.
போஜன், பதிவர், தும்பிமட்டம் மலை நிலையம்.
ஒப்புப்பொறி ஒன்று.
வராதோர்: மணல்முனை நிலையம். காரணம்: நிலையம் இல்லை.

கடைசி வரியை வாசித்துவிட்டுத் தணிகைவேல் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் மணல்முனையை இப்படித்தான் வாசித்தார். கடலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட ஊரின் பெயரை வருகைப்பட்டியலிலிருந்து எடுக்க மேலிடத்து உத்தரவு வேண்டுமாம். அந்த உத்தரவு இன்னும் வரவில்லை.

ஜெபக்கனி கால்களை நாற்காலிக்கு அடியில் மடித்துக்கொண்டாள். மூடுநகரின் குளிர்காற்று அவளுக்கு முழங்காலில்தான் முதலில் பிடிக்கும். தை பிறந்ததும் பஸ் ஏறி இங்கே வருவாள். தன் ஊரின் ஒரு வருட வானிலையை வாசிப்பாள். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்பாள். தோற்பாள். ஊருக்குத் திரும்பித் திட்டு வாங்குவாள். அரசாங்கம் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஆண்டொப்பு. முள்ளித்துறையில் ஒப்பாரி என்கிறார்கள்.

இந்த வருடம் அவளுக்குப் படபடப்பு எதுவும் இல்லை. வாசிப்பதற்கே ஒன்றும் இல்லை. வராமல் விட்டால் நிலையத்தின் பெயரை அடித்துவிடுவார்கள் என்பதற்காக மட்டும் வந்திருந்தாள்.

போஜன் முதலில் எழுந்தார். அவர் கையில் ஒரு சாக்குப்பை கனமாகத் தொங்கியது.

"எங்க மட்டத்துல பலா காச்சிருச்சுங்க" என்றார். "எங்கப்பா காலத்துல தை மாசம் புல்லெல்லாம் உறைபனியில வெள்ளையா நிக்குமுங்க. இப்ப பலா. சாட்சிக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

"பழம் பதிவுல சேராது போஜன். வெப்பநிலைய மட்டும் வாசிங்க."

"வெறும் எண்ணை வாசிச்சா நீங்க தூங்கிடுவீங்கன்னுதானுங்க பழம்."

தணிகைவேல் சிரிக்கவில்லை. அந்த மனிதர் மூடுநகரில் பிறந்தவர். கூரைக்குக் கீழே, மாறாத குளிரில், ஐம்பது வயதை எட்டியவர். மழையில் அவர் ஒரு முறைகூட நனைந்ததில்லை என்று ஊழியர்கள் சொல்லிக்கொள்வார்கள். ஊர் ஊராக மழையையும் வெயிலையும் எடை போடும் வேலைக்கு அதுதான் தகுதி என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். எந்தப் பக்கமும் சாயமாட்டாராம்.

அடுத்தது கொண்டல்சாமி. அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். "போன தை, மழை இல்லை" என்று ஆரம்பித்தார். "மாசி, மழை இல்லை. பங்குனி, மழை இல்லை." மொத்தமாகச் சொல்லி முடித்திருக்கலாம். ஒவ்வொரு மாதத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இல்லை என்றார். ஜெபக்கனிக்கு ஆச்சரியமாக இருந்தது. வாலாங்குளத்தின் பதிவில் ஆறு வருடமாக ஒரு குறையும் இருந்ததில்லை. அளவான மழை, நேரத்துக்கு மழை. போன வருடம் அவர் அப்படி வாசித்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. முள்ளித்துறை சனம் முழுக்க அப்போது கோயில் மாடியில் கிடந்தது.

அவள் முறை வந்தது. நின்றபடியே சுருக்கமாக வாசித்தாள். புயல் இல்லை. கடல் கரையைத் தாண்டவில்லை. பருவமழை ஐப்பசியில் தொடங்கி, விட்டுவிட்டுப் பெய்து, மார்கழியில் நின்றது.

"சேதம்?" என்றார் தணிகைவேல்.

"இல்ல."

"உயிர்ச்சேதம்?"

"சேதமே இல்லன்னு சொல்லுதேன், அப்புறம் உயிருக்கு எங்க போக."

எல்லாவற்றையும் பொறிக்குள் ஏற்றினார்கள்.

ஒரு மலையின் வெக்கையையும் ஒரு கரிசலின் வறட்சியையும் ஒரு கடற்கரையின் வெள்ளத்தையும் எப்படி ஒரே தராசில் வைப்பது? மேலே சுற்றிக்கொண்டிருந்த விண்கண்கள், அந்தக் கால வானிலைச் செயற்கைக்கோள்கள், ஒவ்வொன்றாக எரிந்து விழுந்த பிறகு, ஊர்ப் பதிவர்களின் அளவீடுகளை விட்டால் வேறு வழியில்லை என்றானபோது, சட்டம் எழுதியவர்கள் இதற்கு ஒரு விடை கண்டுபிடித்தார்கள். ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிடாதே. ஒவ்வோர் ஊரையும் அதன் கடந்த பத்து ஆண்டு வழக்கத்தோடு ஒப்பிடு. வழக்கத்திலிருந்து விலகிய அளவுக்கு ஓர் எண்; எந்த ஊரின் எண் அதிகமோ அந்த ஊருக்கே அந்த ஆண்டு கதவு திறக்கும். ஊர் மொத்தமும் மூடுநகருக்குள் வந்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு குடியிருப்புத் தொகுதிதான் கட்டி முடிகிறது. அதனால் ஆண்டுக்கு ஓர் ஊர்தான்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. முள்ளித்துறைக்கு முதல் வெள்ளம் வந்த வருடம் வேறோர் ஊர் முந்திக்கொண்டது. இரண்டாம் வெள்ளத்துக்குப் பாதி எண் கொடுத்தார்கள், ஏற்கெனவே பதிவான விலகல் என்று. மூன்றாம் வெள்ளத்திலிருந்து எண்ணே இல்லை. வெள்ளம் அந்த ஊரின் வழக்கமாகிவிட்டது. போன வருடம் ஜெயித்தது மேட்டு நிலத்து ஊர் ஒன்று. அங்கே அரை மணி நேரம் ஆலங்கட்டி விழுந்து சில ஓடுகள் உடைந்தன. இதற்கு முன் அப்படி நடந்ததே இல்லையாம்.

திரையில் எண்கள் கீழிருந்து மேலாக ஏறின. முதலில் தும்பிமட்டம். போஜன், "சரிங்க, பழத்தையாவது வெட்டலாமா" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாக்குப்பையோடு உணவுக்கூடத்துக்குப் போய்விட்டார்.

அடுத்து வாலாங்குளம். எண் பெரிது. இத்தனை பெரிய எண்ணை ஜெபக்கனி இந்த அறையில் பார்த்ததில்லை. அவள் எழுந்து கொண்டல்சாமியின் பக்கம் திரும்பி, "நல்லாயிருங்க அண்ணாச்சி" என்றாள். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குனிந்திருந்தார்.

"உக்காருங்கம்மா" என்றார் தணிகைவேல். "இன்னும் முடியல."

வாலாங்குளத்துக்கும் மேலே மூன்றாவது வரி ஏறியது. முள்ளித்துறை.

அவள் திரைக்குக் கிட்டப் போய் அந்த வரியை மறுபடி வாசித்தாள்.

"மிஷின் தப்பா போட்டிருக்கு ஐயா" என்றாள் ஜெபக்கனி.

"அது தப்பு பண்ணாதும்மா."

"எங்க ஊர்ல இந்த வருஷம் ஒண்ணுமே நடக்கல."

"அதாம்மா நடந்திருக்கு." பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். "ஒன்பது வருஷம் தொடர்ந்து வெள்ளம். பத்தாவது வருஷம் சொட்டு சேதம் இல்ல. இதவிட வினோதம் வேற என்ன வேணும்?"

"அப்ப வெள்ளம் வந்த வருஷமெல்லாம்?"

"அது உங்களுக்கு வழக்கம்."

"போன வருஷம் இதே எடத்துல நின்னு சொன்னேன். ஊரே கோயில் மாடியில கெடக்கு, கீழ மாட்டுப் பொணம் மிதக்குன்னு சொன்னேன். எண்ணு ஏறலன்னீங்க."

"நான் சொல்லல, சட்டம் சொல்லுது. தெரிஞ்ச கஷ்டத்துக்கு மனுஷங்க தயாரா இருப்பாங்க. தெரியாத கஷ்டம்தான் ஆளைச் சாய்க்கும். அதுக்குத்தான் இந்த ஏற்பாடு."

"இது கஷ்டமே இல்லையே ஐயா. நல்லால்லா இருக்கோம்."

"விலகல்னா மேலயும் போகும், கீழயும் போகும். பொறிக்கு ரெண்டும் ஒண்ணு." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதிவர் சொல்றதுதான் ஊர் முடிவு, சாப்பாட்டு மணிக்குள்ள சொல்லுங்க. ஏத்துக்கிட்டா பங்குனிக்குள்ள மொத்த ஊரும் உள்ள வந்துடணும், நிலையத்த மூடிடுவோம். வேண்டாம்னா அடுத்த எண்ணுக்குப் போகும். ஆனா ஒண்ணு, மறுத்த ஊரை மறுபடி ஒப்புக்கு எடுக்கறதில்ல. தெரியும்ல?"

தெரியும். ஒன்பது வருடமாக அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த சட்டம் அது. மறுக்கிற விதியை மட்டும் வேகமாகத் தாண்டிப் போயிருந்தாள். எந்தப் பைத்தியம் மறுக்கும் என்று.

நடைக்கூடத்தின் கோடியில் ரேடியோ அறை இருந்தது. கடலோரத்துப் போன் கோபுரங்களெல்லாம் விழுந்துவிட்டதால் முள்ளித்துறையோடு பேச அது ஒன்றுதான் வழி. ஊர்த்தலைவர் ரொசாரி வருவதற்குள் பின்னணியில் மண்வெட்டிச் சத்தமும் யாரோ பாடுவதும் கேட்டன.

"ஏ பிள்ள, சீக்கிரம் சொல்லு. பாத்தியில ஆளு நிக்கி. உப்பு அள்ளிக்கிட்டு இருக்கோம்."

"மாமா, நம்ம ஊருக்கு எடம் விழுந்திருக்கு."

"எதுக்கு?"

"வெள்ளம் வராததுக்கு."

ரொசாரி அதைப் பக்கத்தில் நின்றவர்களிடம் திருப்பிச் சொன்னார். ஒரு கணம் கழித்துச் சிரிப்பு கிளம்பியது. பெண்கள் சிரிப்பது தனியாகக் கேட்டது. சிரித்து ஓய்ந்ததும் அவர் குரல் மாறியது.

"கழுத்தளவு தண்ணியில நின்னு கூப்பிட்டோம், அப்ப ஒருத்தனும் வரல. இப்ப எதுக்கு வாரானுவ? வேண்டாம்னு சொல்லிட்டு பஸ் ஏறு. எத்தன வருஷத்துக்கு அப்புறம் உப்பு காஞ்சிருக்கு. லியோன் இப்பதான் வீட்டுக்கு ஓடு போட்டிருக்கான். மாசி பொறந்தா நாலு கல்யாணம்."

"அடுத்த வருஷம் வந்தா மாமா?"

"என்னது?"

"தண்ணி."

"வரும்போது பாத்துக்கிடுவோம்."

"வந்தப்பல்லாம் பாத்தோமே."

"நல்லா இருக்கயில வாய வைக்காத. போன வையி."

ஜெபக்கனி கருவியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். யார் மேல் எரிச்சல் படுவது என்றே தெரியவில்லை. ரொசாரி மாமா மேல் பட முடியாது. அவரிடம் இருப்பது காய்ந்த தரையும் நாலு கல்யாணமும். அவளிடம் இருப்பது அளவுகோல். புயல் வராததால் இந்த வருடம் ஊர் தப்பியது. கடல் தன் வேலையை நிறுத்திவிடவில்லை. வழக்கமான ஓதத்தில் கடல்நீர் ஏறும் கோடு, அவள் அளக்கும் அலைக்கம்பத்தில், இந்த அமைதியான வருடத்திலும் ஒரு சாண் மேலே போயிருந்தது. தண்ணீர் வீட்டுக்குள் வராதவரை அதை யார் கவனிக்கப்போகிறார்கள். ஆண்டொப்பில் அதைக் கேட்கவும் மாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரி ஏறுவதால் அதில் விலகல் கிடையாது.

வெள்ளம் வரும்போது எண் வராது. எண் வந்திருக்கும்போது வெள்ளம் இல்லை. இந்தக் கூத்தை எழுதியவன் கையில் கிடைத்தால் அலைக்கம்பத்தில் கட்டிவைக்கலாம்.

"ஊரு வேண்டாங்குதா தாயி?"

கொண்டல்சாமி கதவோரம் நின்றிருந்தார். ரேடியோவில் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"ஆமா அண்ணாச்சி. சிரிக்காங்க."

"அப்ப மறுத்திரு. எங்களுக்கு வந்துரும்."

"மறுத்தா எங்க ஊரு பேரு போயிரும்."

"வேண்டாங்கிற ஊருக்குப் பேரு எதுக்கு?" அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ரேடியோ இயக்குபவன் காதில் கருவி மாட்டிக்கொண்டு வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தான். கொண்டல்சாமி குரலைத் தாழ்த்தினார். "எங்க எண்ணு எப்படி அவ்வளவு ஏறுச்சுன்னு நீ கேக்கல."

"மழை இல்ல, ஏறுச்சு."

"எங்க ஊர்ல மழை நின்னு ஏழு வருஷம் ஆச்சு."

ஜெபக்கனி அவரைப் பார்த்தாள். "போன வருஷம் நல்ல மழைன்னு வாசிச்சீய."

"ஊத்துனோம்."

"எதை?"

"தண்ணிய. மழைமானியில." அவர் கையால் அதன் வாயகலத்தைக் காட்டினார். "இம்புட்டு வாயி. ஒரு வருஷத்து மழை மொத்தமும் ரெண்டு குடத்துக்குள்ள அடங்கிரும் தாயி. வீட்டுக்கு ஒரு டம்ளர்னு மொற வச்சோம். ஐப்பசி கார்த்திகையில கூட ஊத்தணும், மாசியில கொஞ்சமா ஊத்தணும். ஒரே மாதிரி ஊத்துனா பொறி கண்டுபிடிச்சிரும்னு இடையில ஒரு வாரம் ஊத்தாமயும் விட்டோம். அதுக்கு முந்தி பேஞ்சும் பேயாமலும் கெடந்த ஊரு, ஒத்த வறட்சிக்கு எண்ணு ஏறாது. நல்லா மழை பெஞ்ச ஊரா ஆறு வருஷம் பதிஞ்சோம். ஏழாவது வருஷம் உள்ளத எழுதுனா எண்ணு வானத்துக்குப் போகும்னு எங்க ஊரு வாத்தியார் கணக்குப் போட்டுச் சொன்னாரு. போச்சா இல்லையா, நீயே பாத்த."

"லாரித் தண்ணி?"

"மழை பெய்யுற ஊருக்கு எதுக்கு லாரி. முதல் வருஷமே நிப்பாட்டிட்டான். அது தெரிஞ்சுதான் ஊத்துனோம்."

"பெறகு சனம் எதக் குடிச்சுது?"

"ஊத்து தோண்டி, கெடச்சத. உப்பும் சுண்ணாம்பும். நாலஞ்சு பேருக்குக் கிட்னி போச்சு. எம் பொண்டாட்டி அதுல ஒருத்தி." உடனே கையை ஆட்டினார். "நீ எரக்கப்படணும்னு சொல்லல. கேட்ட, அதனால சொன்னேன்."

அவளுக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. போன வருடம் இவருடைய அளவான மழையைக் கேட்டு வயிறெரிந்து பஸ் ஏறியது நினைவுக்கு வந்தது.

"பொய்யா எழுதிட்டு எங்கிட்ட வந்து எடத்தக் கேக்குறீயளா?"

"நெசத்த எழுதி நீ என்னத்தக் கண்ட?"

"இந்தா, கண்டிருக்கேன்லா."

"இது நெசத்துக்குக் கெடச்சதா? கடலு சும்மா கெடந்ததுக்குக் கெடச்சது." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "தாயி, கேளு. இந்த வருஷம் வறட்சின்னு ஏத்தியாச்சு. அடுத்த வருஷம் இதே வறட்சிக்குப் பாதி எண்ணு. அதுக்கு அடுத்த வருஷம் ஒண்ணுமில்ல. எங்க வழக்கம்னுருவான். மறுபடி மொதல்லருந்து ஊத்தலாம். ஊத்துறதுக்கு வீட்டுக்கு ஒரு டம்ளர் வேணும்லா. அது இப்ப இல்ல."

"யாருகிட்டயாவது சொல்லிப் பாருங்க. லாரியாவது வரும்."

"யாருகிட்ட? ஆறு வருஷம் பொய்யின்னு சொன்னா லாரி வராது, போலீசு வரும். நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சு போற விசயம். உங்க ஊருக்கும் சந்தோசம், எங்க ஊருக்கும் சந்தோசம்."

"இந்த வருஷம் சந்தோசம்."

"என்னது?"

"எங்க ஊருக்கு இந்த வருஷம் சந்தோசம்னேன். வர்ற வருஷம் தண்ணி கழுத்துக்கு வரும்போது, கனி, அன்னைக்கு என்ன சொன்னன்னு கேப்பாங்க. கேக்க ஆளு இருந்தா."

"வரும்னு உனக்கு யாரு சொன்னா?"

"அளக்குறது நான்தான அண்ணாச்சி."

கெஞ்சுவார் என்று அவள் பயந்தாள். அவர் கெஞ்சவில்லை. "ஒன்பது வருஷமா ஒண்ணா டீ குடிச்சிருக்கோம்" என்று மட்டும் சொன்னார். அதை ஏன்தான் சொன்னோம் என்பது போல உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. தணிகைவேல் விரல்பதிவுப் பலகையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

"ஏத்துக்கிடுதோம்" என்றாள் ஜெபக்கனி.

"ஊர்ல கேட்டாச்சா?"

"கேட்டேன்."

"சந்தோஷப்பட்டாங்களா?"

"சிரிச்சாங்க."

"பின்ன, இருக்காதா" என்று தலையாட்டிவிட்டு அவர் பலகையை நீட்டினார். அவள் கட்டைவிரலை வைத்தாள். குளிரில் அவள் விரல் விறைத்திருந்ததால் பொறி முதல் முறை ஏற்கவில்லை. விரலைப் புடவையில் தேய்த்துச் சூடாக்கி மறுபடி வைத்தாள். இந்த முறை ஏற்றுக்கொண்டது. ஒரு கடற்கரை முழுக்க வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. உப்பு, புது ஓடு, நாலு கல்யாணம், எல்லாம். பங்குனியில் அவர்கள் மூட்டையோடு வந்து இறங்கும்போது அவளை என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று யோசித்தாள். காப்பாற்றினாள் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். உள்ளே வந்த பிறகு வெள்ளம் வந்ததா இல்லையா என்பதே யாருக்கும் தெரியப்போவதில்லை. நல்ல ஊரை விற்றுவிட்டவள் என்றுதான் கடைசிவரை இருக்கும்.

அதிலும் ஒரு எரிச்சல் வந்தது அவளுக்கு. தண்ணீர் வந்து அவள் சொன்னதை நிரூபிக்க வேண்டும் என்று மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டது. சீ என்று அதைத் தள்ளினாள்.

"தேர்வான ஊரோட பதிவர் இங்கயே தங்கணும்மா. தொகுதி பிரிக்கிற வேலை இருக்கு" என்றார் தணிகைவேல். பிறகு கொண்டல்சாமியைப் பார்த்து, மரியாதைக்காகக் குரலை இளக்கி, "நல்ல எண்ணு. கொஞ்சத்துல போயிடுச்சு. அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்.

"பாப்போம் ஐயா" என்றார் கொண்டல்சாமி.

அவர் தன் பையை எடுத்துக்கொண்டார். உணவுக்கூடத்திலிருந்து பலாப்பழ வாசனை வந்தது. போஜன் வாசலில் நின்று இரண்டு சுளையை ஒரு காகிதத்தில் மடித்து அவரிடம் நீட்டினார். கொண்டல்சாமி வாங்கிப் பையின் பக்கவாட்டில் பத்திரமாகச் செருகினார். பேத்திக்கு என்றார்.

ஜெபக்கனி வெளிவாசல் வரை கூடவே நடந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்ல ஏதாவது வரும் என்று நினைத்தாள்.

"ஊர்ல என்ன சொல்லுவீய?" என்று கேட்டாள் கடைசியில்.

"கடல்காரங்களுக்கு எங்களவிடப் பெரிய விசயம் நடந்திருச்சுன்னு சொல்லுவேன்." அவர் நிற்காமலே சொன்னார். "என்ன நடந்துச்சுன்னு கேட்டாத்தான் கஷ்டம்."

பின்னாலிருந்து ரேடியோ பையன் ஓடி வந்தான். "முள்ளித்துறைல இருந்து மறுபடி கூப்பிடுறாங்கம்மா. கல்யாணத்துக்கு ஏதோ ஜரிகைத் துணி வாங்கிட்டு வரணுமாம். நெறம் சொல்லணுமாம்."

"பேசுதேன், போ."

"லைன்ல இருக்காங்க."

"பேசுதேன்னு சொல்லுதேன்லா."

காவலாளி கதவைத் திறந்தான். தை மாதம்தான், ஆனாலும் வெளியிலிருந்து அனல் ஆளைப் பிடித்துத் தள்ளியது. கொண்டல்சாமி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படியில் நின்று வெயிலைப் பார்த்தார். குளிர் வீணாகுது பெரியவரே, சட்டுன்னு இறங்குங்க என்றான் காவலாளி. அவர் இறங்கினார். கதவு அவருக்குப் பின்னால் மூடியது. காவலாளி பூட்டினான். பிறகு, எல்லோருக்கும் செய்வது போலவே, பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தான்.